சேஃப் மோடில் சத்தம் வராது

மாலை ஐந்தே கால். மூடிப்போன மில்லைத் தாண்டினால் அந்தச் சாலையில் தெருவிளக்கு கிடையாது... வீடும் ஒன்றே ஒன்றுதான். என் நண்பனின் மச்சான் அங்கே போய்க்கொண்டிருந்தான். கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவன். கதை விடுகிற ஆள் இல்லை, அவனுக்கு அந்த அளவுக்குக் கற்பனையும் கிடையாது. சிரிக்காமல், நெருங்கி உட்கார்ந்து கேளுங்கள்.

கதவைத் திறந்தவர் வயதானவர், ஓய்வுபெற்ற சர்வேயர். வீடெல்லாம் தைல வாசனை.

"ஆன் பண்ணா அப்படியே நின்னுடுது தம்பி. ஆறு மணிக்குள்ள சரி பண்ணிடுவீங்களா?"

"அரை மணி நேரம் போதும் சார்."

ஆறு மணிக்கு என்ன என்று இவன் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்... பாவி.

சேஃப் மோடில் போட்டான். கருப்புத் திரை, நான்கு மூலையிலும் 'சேஃப் மோட்' என்ற இரண்டே சொற்கள். அப்போது கம்ப்யூட்டர், தான் உயிரோடு இருக்கத் தேவையானதை மட்டும்தான் எழுப்பும். நெட் வராது, ஸ்பீக்கரில் சத்தம் வராது. கோளாறு எதில் என்று பிடிக்க அதுதான் வழி. பிடித்துவிட்டான். ஆன் செய்ததும் தானாக ஓடும்படி யாரோ எழுதி வைத்த சின்ன புரோகிராம். பெரியவர் தண்ணீர் எடுக்க உள்ளே போயிருந்தார். இவன் அதை அடியோடு அழித்தான்.

இருமல் சத்தம். பிறகு ஒரு பெண் குரல், ரொம்பப் பக்கத்தில்...

"மாத்திரை போட்டீங்களா?"

வீட்டு அம்மா போல என்று இவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுபடி ஆன் செய்ததும் கம்ப்யூட்டர் ஜம்மென்று ஓடியது. பெரியவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. நாற்காலியை இழுத்துப் போட்டு, உள்ளங்கையில் மாத்திரையோடு உட்கார்ந்தார். மணி ஆறு. ஆறு ஐந்து... ஆறு பத்து...

"என் வீட்டுக்காரி கம்ப்யூட்டர் டீச்சர் தம்பி. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி, தானே பேசி இதுல வெச்சுட்டுப் போனா. தினம் ஆறு மணிக்குக் கேப்பா. அவ கேக்காம நான் மாத்திரை போட்டதே இல்ல."

"உள்ள... வேற யாரும் இல்லையா சார்?"

"யாரு இருக்கா? அவ போய்ச் சேர்ந்து மூணு மாசம் ஆச்சு."

இவன் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினான். அழித்ததை மீட்கப் பார்த்தான், முடியவில்லை. உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. "அது முன்னாடியே கெட்டுப்போச்சு சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான்.

மனசு கேட்கவில்லை. பதினோராம் நாள், காலில் விழுந்தாவது சொல்லிவிடுவோம் என்று போனான். பூட்டு. பெரியவர் முந்தின நாளே இறந்துவிட்டதாக மில் வாட்ச்மேன் சொன்னார். ஜன்னல் வழியாகப் பார்த்தான். மேஜைமேல் மாத்திரை அட்டை, ஒரே ஒரு குழி மட்டும் காலி. அந்த மாத்திரையும் கீபோர்டு பக்கத்தில் அப்படியே கிடந்தது.

அன்று மாலை கடையில் வேறு யாருடைய கம்ப்யூட்டரோ. சேஃப் மோடில் போட்டான். ஸ்பீக்கர்கூட மாட்டவில்லை. மணி ஆறு... தைல வாசனை. இருமல்.

"மாத்திரை போட்டீங்களா?"

பிறகு அந்தப் பெரியவரின் குரல், ரொம்பக் களைத்துப்போய்...

"பத்து நாளா நீ கேக்கவே இல்லையேம்மா."