பின்னாலிருந்து எண்ணிய தெரு

உள்ளாட்சித் தேர்தல் அலுவலகத்தின் வழக்குப் பிரிவை முப்பத்து நான்கு ஆண்டுகள் கட்டிக் காத்து இன்று ஓய்வு பெறுபவரே, கட்டவிழாத கோப்பும் கணக்குப் பிசகாத பட்டியலும் எங்களுக்குக் கற்பித்த கண்காணிப்பாளர் அம்மையே!

காலை ஒன்பது இருபதுக்கு வருவீர்கள். ஜன்னலைத் திறப்பீர்கள். துடைத்த மேசையை மறுபடி துடைப்பீர்கள். நீதிமன்றப் பட்டியலில் நம் வழக்கு எண்களுக்குச் சிவப்புக் கோடு இடுவீர்கள். பிறகுதான் தேநீர். நாளை அந்த ஜன்னலை யார் திறப்பது என்று நாங்கள் இன்னும் பேசவில்லை.

தேர்தல் வந்தால் வழக்குகள் முன்னால் வரும். ஒடுக்கப்பட்டோருக்கு ஒதுக்கிய இடம் இந்த வார்டில் ஏன், விகிதம் மிகுந்துவிட்டது, சுழற்சி தவறிவிட்டது என்று ஆளுக்கொரு காரணம். தாங்கள் யாரையும் ஏசியதில்லை. கேட்பது அவர்கள் உரிமை, நம் கணக்கு நிற்க வேண்டும், அவ்வளவுதான் என்பீர்கள். எந்தப் பட்டியலையும் இருமுறை எண்ண வேண்டும். இரண்டாம் முறை கடைசியிலிருந்து. முன்னாலிருந்தே எண்ணினால் மனம் முந்திக்கொண்டு விடை சொல்லிவிடுமாம். அதனால் தங்களுக்குத் 'தலைகீழம்மா' என்று பெயர் வைத்தோம். தங்கள் காதுக்கு எட்டாது என்று நம்பினோம். ஒருநாள் எங்கள் விடுப்பு விண்ணப்பங்களில் தாளைத் திருப்பி வைத்துத் தலைகீழாகக் கையொப்பமிட்டுக் கொடுத்தீர்கள்.

அந்தப் பெயரை வைத்தது எங்கள் தட்டச்சரின் மனைவி. இதே பிரிவின் இளநிலை உதவியாளர்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒன்பதாம் வார்டு வழக்கு வந்தது. நான்கு முறை வென்ற உறுப்பினர், அங்கே ஒதுக்கீட்டுக்குப் போதிய மக்களே இல்லை என்று நீதிமன்றம் போனார். பிழை நம்முடையது. வார்டுகளைத் திருத்தியபோது கதவு எண்ணை வைத்துப் பிரித்தோம். ஒடுக்கப்பட்டோர் குடியிருக்கும், கதவு எண்ணே இல்லாத ஒரு தெரு ஒன்பதாம் வார்டில் சேராமல் பழைய வார்டிலேயே தங்கிவிட்டது. அங்கிருந்து சாக்கடை சுத்தம் செய்யும் பெண் ஒருவர், வேட்புமனுவை பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு தங்களிடம் வந்தார். "எங்க தெரு கணக்குல இருக்கா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க மேடம்" என்றார். இல்லை என்று சொன்னீர்கள். உட்கார வைத்துச் சொன்னீர்கள்.

தெருவை எண்ண, தங்களுக்குப் பெயர் வைத்த அந்த இளநிலை உதவியாளரை அனுப்பினீர்கள். சுண்ணக்கட்டியால் வீட்டுக்கு வீடு குறியிட்டு, நூற்றுப் பன்னிரண்டு என்று குறிப்பேட்டில் எழுதி மாலை கொண்டுவந்தார். கடைசியிலிருந்து எண்ணியதை எழுதும் பின்னெண்ணிக்கைக் கட்டம் காலியாக இருந்தது. "பாதி வேலைய வேலைன்னு கொண்டு வராதேம்மா" என்றீர்கள். அவர் கைப்பையை எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் பதினொரு மணிக்குத் தொலைபேசி வந்தது. தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்து அவர் இறந்துவிட்டார். வயது இருபத்தேழு.

ஒரு வாரம் கழித்துத் தாங்களே அந்தத் தெருவின் கடைசி வீட்டிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தீர்கள். நூற்றுப் பன்னிரண்டு. அதைத் தனித் தாளில் எழுதி நீதிமன்றத்தில் கொடுத்தீர்கள். ஒதுக்கீடு நின்றது. வேட்புமனுவோடு வந்த அந்தப் பெண் தேர்தலில் வென்று இன்று மன்றத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் குறிப்பேட்டின் காலிக் கட்டத்தைத் தாங்கள் நிரப்பவில்லை, யாரையும் நிரப்பவிடவும் இல்லை. அது தங்கள் இழுப்பறையிலேயே கிடந்தது. பாதி வேலை என்றதே கடைசியாக அவளிடம் சொன்ன சொல்லாகிப்போனதே என்று சென்ற மாதம் பதிவறையில் சொன்னீர்கள். அப்போது பக்கத்தில் தட்டச்சர் நின்றிருந்தார்.

அவர் இந்த மடலைத் தட்டச்சு செய்ய உட்கார்ந்தபோதுதான் எங்களிடம் சொன்னார். அன்று மாலை அவர் மனைவி நேரே வீட்டுக்கு வரவில்லை. ஏழு மணிக்கு விரலெல்லாம் சுண்ணமாக வந்தார். மறுநாள் காலையில் தலை வலிக்கிறது, மதியம் வருகிறேன் என்று படுத்துக்கொண்டு, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த கணவரிடம் தங்களுக்கு ஒரு சேதி சொல்லி அனுப்பினார். அலுவலகம் வந்ததும் பிரமாணப் பத்திரம் அடிக்கும் அவசரத்தில் அவர் மறந்துவிட்டார். பிறகு நினைவு வந்தது. சொல்ல வாய் வரவில்லை. இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்றும் விட்டால் சொல்ல ஆளிருக்காது.

அம்மையே, தாங்கள் உடல் நலத்தோடும் மன அமைதியோடும் நெடுநாள் வாழ வேண்டும். இனியேனும் மேசையை ஒருமுறை துடைத்தால் போதும் என்று இருக்க வேண்டும். வழக்குப் பிரிவுப் பணியாளர் பதினொருவரும் கீழே கையொப்பமிட்டிருக்கிறோம். தங்கள் இழுப்பறையிலிருந்து எடுத்த குறிப்பேட்டை இந்த மடலோடு சேர்த்துத் தங்கள் கையில் தருகிறோம். அந்தக் கட்டத்தைத் தாங்களே நிரப்புங்கள். அவர் சொல்லி அனுப்பியது இது:

"பின்னாலேருந்தும் எண்ணிட்டேன்னு தலைகீழம்மாகிட்ட சொல்லிடுங்க. அதே நூத்திப் பன்னெண்டுதான்."