மெல்லிசுக் குழாய்

வேணி: ...இல்லண்ணே, உக்கார வரல. நின்னுக்கினே சொல்லிட்டுப் போயிடறேன். வானூர் பஸ்ஸு வந்துடும்.

சவுரிராயன்: வண்டி இன்னும் ரெடி ஆவலம்மா. எஞ்சினப் பிரிச்சிப் போட்டிருக்கேன். உங்க வீட்டு சார் அனுப்பினாரா?

வேணி: நான் இன்னிக்கி திண்டிவனம் வந்ததே அவருக்குத் தெரியாது... நேத்து உங்க ஒர்க்‌ஷாப்ல, எல்லார் எதிர்லயும் அவரு...

சவுரிராயன்: விடும்மா. கோவத்துல கை ஓங்கிட்டாரு.

வேணி: ஓங்கலண்ணே. உங்கள அடிச்சாரு. நான் வெளிய ஆட்டோவுல உக்காந்து பாத்துக்கினுதான் இருந்தேன். எறங்கி வரல.

சவுரிராயன்: டீ சொல்லட்டுமா?

வேணி: வேணாம்... பூஸ்ட் கன்ட்ரோலர்னு ஒண்ணு கார்ல மாட்டினீங்களே, அதுல மெல்லிசா ஒரு குழா போவுமே...

சவுரிராயன்: ஆமா. ஸ்பீடு ஏற டர்போ எஞ்சினுக்குள்ள அமுக்குற காத்த அதுதான் அடக்கி வெக்கும். குழா கழண்டுதுன்னா காத்து ஏறிக்கினே போவும். அதான் மயிலம் கூட்ரோட்டுல எஞ்சின் பொகஞ்சிடுச்சி. கிளிப்ப நான்தான் சரியாப் போடலன்னு சார்கிட்ட ஒத்துக்கினேனே.

வேணி: நீங்க சரியாத்தான் போட்டிருந்தீங்க.

சவுரிராயன்: உங்களுக்கு எப்டிம்மா...

வேணி: கழட்டறதுக்குள்ள கை வலிச்சிப் போச்சி.

சவுரிராயன்: அந்தக் குழாதான்னு எப்டித் தெரியும்?

வேணி: பானட்டத் தொறந்து ஃபிரண்டுங்களுக்கு அதத்தான் காட்டிப் பீத்திப்பாரு. விழுப்புரம் ரோட்ல நூத்தி அம்பதுல போவாரு. முன்சீட்ல பாப்பா கண்ண மூடிக்கினு வரும். வேணாம்னா, என்னியப் பயந்தாங்கொள்ளின்னுவாரு. குழாயப் புடுங்கிட்டா வண்டி பழையபடி மெதுவாப் போவும்னு...

சவுரிராயன்: கன்ட்ரோலர் வயரப் புடுங்கியிருந்தா மெதுவாப் போயிருக்கும்.

வேணி: எனக்கு இன்னாண்ணே தெரியும்... அன்னிக்கித் தனியாத்தான் போறேன்னாரு. கடைசியில பாப்பாவயும் ஏத்திக்கினாரு. நான் வாசல்ல நின்னு டாட்டா காட்டினேன்.

சவுரிராயன்: போவாதீங்கன்னு சொல்லலியா?

வேணி: சொன்னா ஏன்னு கேப்பாரே.

சவுரிராயன்: பாப்பா...

வேணி: அடி படல. இப்ப கார் சத்தம் கேட்டா கட்டிலுக்கு அடியில போயிடுது.

சவுரிராயன்: எனக்கு முன்னயே சந்தேகம்தாம்மா. கிளிப்புல இடுக்கிப் பல்லு பதிஞ்சிருந்துச்சி. அடுப்புலேர்ந்து பாத்திரம் எறக்குவாங்களே, அந்த இடுக்கி. மெக்கானிக்கு யாரும் அத எடுக்க மாட்டான்.

வேணி: தெரிஞ்சேவா அடி வாங்கினீங்க? எனக்கு சோறு எறங்கலண்ணே. இன்னிக்கி அவருகிட்ட சொல்லிடப் போறேன். என்னை இன்னா வேணா பண்ணட்டும்.

சவுரிராயன்: இரும்மா. நானும் வர்றேன்.

வேணி: நீங்க எதுக்கு? உங்க மேல இன்னா தப்பு இருக்குது?

சவுரிராயன்: காத்து அளவு மீறிச்சின்னா வண்டி தானா பெட்ரோல நிறுத்திக்கும். கம்பெனிக்காரன் வெச்ச காப்பு அது. அது இருந்திருந்தா, நீங்க எந்தக் குழாயப் புடுங்கினாலும் வண்டி அங்கியே அடங்கியிருக்கும். ஸ்பீடுக்கு எடஞ்சல்னு சார் எடுக்கச் சொன்னாரு. நானும் எடுத்துட்டேன்... பாப்பா உக்கார முன்சீட்ல குட்டி சீட்டு மாட்டிக் குடுத்ததும் நான்தாம்மா. அந்தக் காப்ப எடுத்த அன்னிக்கே, அதே கையோட.