காது வலிதானே என்று

காஜா பெராங்கிலிருந்து டவுனுக்குப் போகும் பஸ். மெர்டேக்கா சுதந்திர நாளுக்குக் கட்டிய கொடிகள் கடைவாசல்களில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. முன் சீட்டில் இரண்டு பெண்கள். அண்ணன் தம்பியைக் கட்டியவர்கள் என்பது பேச்சில் தெரிந்தது. மூத்தவள் நெற்றியில் பொட்டு இல்லை. நான் ஒட்டுக்கேட்கவில்லை, சீட்டுகள் அவ்வளவு நெருக்கம்.

“காது வலியில யாராச்சும் சாவாங்களாக்கா?” என்றாள் இளையவள்.

“செத்தாரே.”

“ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் உஜோங் பாசிர் கடல்ல குளிச்சாங்க. ரெண்டு பேருக்கும் காது வலிச்சுது. நான்தானே பூண்டெண்ணெய் காய்ச்சிக் கொடுத்தேன்?”

“உன் வீட்டுக்காரருக்கும் அதே எண்ணெயத்தானே ஊத்துன. அவருக்கு ஆறிடுச்சு. இவருக்கு இனிப்பு நீர், சக்கரை வியாதி. அது இருந்தா காதுப் புண்ணு எலும்பு வரைக்கும் இறங்கிடுமாம், டாக்டர் சொன்னாரு.”

“முன்னாடியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கலாமேக்கா.”

மூத்தவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்.

“ராத்திரியெல்லாம் வலியில துடிச்சாரு. காலையில காப்பி கொண்டுபோய், ‘இப்ப எப்படியிருக்கு’ன்னு கேட்டேன். வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு இருந்துச்சு. சிரிக்கிறாரு, வலி விட்டுடுச்சுன்னு நெனச்சேன். நானும் சிரிச்சேன்.”