கலிங்கல் பலகையும் என் நாலு காணியும்

பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்து திரும்பிய பின்னும் சேற்றில் இறங்க வெட்கப்படாத தலைவர் சாமிக்கண்ணு அவர்களே! ஏரிப் பாசனத்தை நம்பி வாழும் பெரியோர்களே! வேலைக்காகப் புதுவை நகரம் வந்துவிட்டாலும் ஊர்ப் பேச்சு என்றதும் இந்தத் தட்டாஞ்சாவடி மண்டபத்துக்கு ஓடி வந்திருக்கும் தோழர்களே! ஈரக் குடையை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவரையும் வெற்றிச்செல்வனாகிய நான் தலைகுனிந்து வணங்குகிறேன்.

நம் ஏரியின் உபரி நீர் வெளியேறும் கலிங்கலில், இந்த ஆண்டு பலகையை எடுப்பதா, வைப்பதா? இதைப் பற்றி முழங்கத்தானே என்னை அழைத்தீர்கள்? மன்னியுங்கள். முழங்க வரவில்லை. ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்திருக்கிறேன்.

நம் மண்ணுக்கு வாய்த்த வானம் எப்படிப்பட்டது? ஆடியில் அழ வைக்கும். ஆவணியில் ஆசை காட்டும். ஐப்பசியில் அள்ளிக் கொட்டும்! ஆண்டு முழுவதற்குமான தண்ணீரை ஆறே வாரத்தில் ஊற்றிவிட்டுப் போய்விடும். பிடித்து வைத்தால்தான் நமக்குச் சம்பா. பிடித்தது மிஞ்சிவிட்டால் அந்தச் சம்பாவும் இல்லை. இரண்டுக்கும் நடுவே இருப்பது நாலு பலகை, ஒரு மண்கரை!

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு ஐப்பசி. கோயில் வாசலில் கூட்டம். ஏரித் தண்ணீரைப் பார்த்துக்கொள்ள ஊர் அமர்த்திய கலியமூர்த்தி எழுந்தார்.

"காத்து வடக்கால திரும்பிடுச்சு. கடல் பக்கம் மானம் கருகும்முனு நிக்குது. ரெண்டு பலகைய எடுத்துடலாம். கரை தாங்காது" என்றார். அவ்வளவுதான் அவர் பேசியது.

நான் எழுந்தேன். நாற்பது நிமிடம் பேசினேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வழியில்லாமல் மூன்று ஆண்டுகள் தவித்தோமே, மறந்தீர்களா? வாராது வந்த தண்ணீரை வாசலோடு அனுப்புவதா? உப்புக் கடலுக்கு ஊற்றிவிட்டு உலர்ந்த வயலைப் பார்த்து உட்கார்ந்திருப்பதா? "கூடாது! கூடாது!" என்றீர்கள். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. கலியமூர்த்தி மறுபடியும் ஏதோ சொன்னார். யார் காதிலும் விழவில்லை. பலகை வைத்த இடத்திலேயே இருந்தது.

ஐந்தாம் நாள் காலை கரை உடைந்தது. தூர் கட்டி நின்ற பயிர்மேல் இடுப்பளவு மணல்.

என்ன காசிலிங்கம், "மழைக்கு நீங்க என்னா பண்ணுவீங்க?" என்கிறீர்களா? ஐயா, மழைக்கு நான் பொறுப்பில்லை. பலகைக்குப் பொறுப்பு நான்தானே?

கரையடியில் ஒன்றரைக் காணியைத் தானே நட்டு, தானே களையெடுத்து, அதிலேயே குடும்பம் நடத்தியவர் செல்வாம்பாள். அவர் நிலமும் மணலுக்கடியில் போயிற்று. போன மாதம் கோரிமேட்டில் பஸ்ஸுக்கு நின்றபோது அவரைப் பார்த்தேன். அவரே என்னிடம் வந்தார்.

"மணல அள்ளி மாளலண்ணா. அதான் கம்பெனி வேலைக்கு வந்துட்டேன்" என்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை!

"நீங்க நல்லாத்தான் பேசினீங்க. நானுந்தான் கை தட்டினேன்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிப் போய்விட்டார்.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, தாய்மார்களே. ஏன் தெரியுமா? கரையடி வயலுக்கு ஏரி முக்கால் நிறைந்தாலே போதும். கடைமடை மேட்டுக்குத் தண்ணீர் எட்ட வேண்டுமென்றால் ஏரி தளும்ப வேண்டும். அந்தக் கடைமடையில் எனக்கு நாலு காணி இருப்பது உங்களுக்கெல்லாம் தெரியும். ஆனால் அன்று ஒருவருக்காவது அது நினைவுக்கு வந்ததா? வரவிடாமல் பேசினேன்! ஊர் என்றேன், உழவர் என்றேன், வருங்காலம் என்றேன். மனசுக்குள் இருந்தது என் நாலு காணிதான்.

இன்னும் கேளுங்கள். இதை என் வீட்டாரிடம்கூடச் சொன்னதில்லை. கூட்டம் நடந்த அன்று காலையிலேயே கலியமூர்த்தி என்னைக் கரைக்கு அழைத்துப்போய்க் கசிவைக் காட்டினார். குனிந்து கையை வைத்துப் பார்த்தேன். விரலிடுக்கில் தண்ணீர் ஓடியது. தெரிந்துதான் மாலையில் அப்படிப் பேசினேன், ஐயா! தெரிந்தேதான் பேசினேன்!

இதோ, மறுபடி ஐப்பசி. ஏரி முக்காலுக்கு வந்துவிட்டது. கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று ரேடியோ சொல்கிறது. பலகையை எடுங்கள் என்று இன்று நான் முழங்கினால் அதற்கும் கை தட்டுவீர்கள். நாளை மழை ஏமாற்றினால் கடைமடை காயும். வானம் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் பேசத்தான் தெரியும்.

ஆகவே தலைவர் அவர்களே, ஒரே ஒரு விண்ணப்பம். கரை உடைந்தால் யார் வயல் முதலில் போகுமோ, அவர்கள் முதலில் பேசட்டும். கலியமூர்த்தி அடுத்துப் பேசட்டும். கடைமடைக்காரர்கள் கடைசியில் பேசட்டும். நான் கீழே போய் உட்கார்ந்து கேட்கிறேன்.

இவ்வளவு நேரம் பொறுத்துக்கொண்ட பெரியோர்களுக்கும், முகம் சுளிக்காமல் கேட்ட தாய்மார்களுக்கும் என் நன்றி. வணக்கம்.

செல்வாம்பாள், அங்கே தூண் ஓரம் நிற்காதேம்மா, மேலே வா. மைக்கை உன் உயரத்துக்கு இறக்கி வைத்துவிட்டுப் போகிறேன்.