செட்டு இருக்கிறவன் பேரு வேண்டாம்

ஹலோ... ஆங், ஜெஃப்ரின்தான். அல்போன்ஸா?... கேக்குது, சொல்லு. இல்ல, நானே சொல்லுதேன். லேய் மக்கா, வள்ளக்காரங்க சங்கத்துலேருந்து ஒரு லிஸ்டு அனுப்பியிருக்கியே, அது என்ன எளவு?... ஆமா, ஆமா, கெடச்சுது. அறுபத்தெட்டு பேரு. அம்புட்டு பேரும் அந்தப் பெரிய கலர் ஸ்கிரீன் ஜிபிஎஸ்ஸு. குளச்சல்ல அது யாருட்ட இருக்கு?... ஒருத்தன்ட்டயும் இல்ல. பின்ன எதுக்குல எழுதினாவ?...

நில்லு. ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சு நீ என்னன்னு விளிச்சுச் சொன்ன?... ஜிபிஎஸ் வேணும்னா பேரு குடுங்கன்னா?... சவத்த. சுனாமிக்கு வலையும் பாத்திரமும் குடுத்த மாதிரி நெனச்சிட்டாவ.

நாங்க ஜிபிஎஸ் செட்டு குடுக்கல மக்கா. கைவசம் உள்ள செட்டு நடுக்கடல்ல நின்னு போவுதில்லியா? கம்பெனிக்காரன் கைவிட்டுட்டான். அதுக்குள்ள ஓடுத புரோகிராமெ நாங்க நாலஞ்சு பேரு காசு வாங்காம புதுசா எழுதிக் குடுக்குதோம். எந்த மாடலுக்கு ஆளு கூடுதலோ அது மொதல்ல. இண்ணைக்கு ஆறு மணிக்குத் தீருமானம். விட்டா அடுத்த வருசம்தான். மனசிலாச்சா?...

அப்பம் அந்தச் சின்னக் கறுப்பு செட்டு? கரை முழுக்க அதுதான கெடக்கு... எழுதினாவளா? எத்தன பேரு?... நாப்பதா? எங்க அந்தப் பேரு?... என்னது?... திருப்பிச் சொல்லு... ஏற்கெனவே செட்டு வச்சிருக்கவனுக்கு ரெண்டாவது எதுக்குன்னு நீயே வெட்டிட்டியா?...

செட்டு இருக்கவனுக்குத்தான லேய் இந்த லிஸ்டே... ஆமா, ஆமா, இல்லாதவனுக்குக் கிட்டணும்னு பாத்த. ஒனக்க நியாயத்தக் கொண்டு கடல்ல போடு.

செரி, அந்தப் பேப்பரு இருக்கா?... கிழிச்சாச்சு. நல்லா இருப்ப. அப்பம் கரைக்குப் போ. பத்து பேருட்ட செட்டுக்க பின்னால உள்ள நம்பரு மட்டும் வாங்கு. நம்பரு இல்லாம எங்காளுவ எண்ணிக்கையில சேக்கமாட்டாவ... காலையிலேயே கடலுக்குப் போயிட்டாவளா? அம்புட்டு வள்ளமுமா?...

யேசுரத்தினமுமா?... போன மாசம் செட்டு நின்னு ரெண்டு நாளு கரை தெரியாம கெடந்தவன் லேய். சரிப்படுத்தாம போமாட்டேன்னு எனக்க அம்மைக்க முன்னால சொன்னான்... அதே செட்டையா கொண்டு போனான்?... ஒன்ட்ட என்ன சொன்னான்?...

பேரு குடுத்தாச்சு, இனி ஜெஃப்ரின் பாத்துக்கிடுவான்னா?...

நீ வெட்டினத அவன்ட்ட சொல்லலியா?...

பேசாத. போனை வையி.