குருத்தெலும்பின் ஒரு புறம்

நாற்காலி கொடுத்ததற்கு நன்றி இன்ஸ்பெக்டர் ஐயா. ஒன்பது வருஷமாக ஆபரேஷன் தியேட்டரில் நின்றே பழகியவன், உட்கார்ந்தால் முதுகு வலிக்கிறது.

முன்பு தாராவியில் தோல் பதனிடும் வேலையில் இருந்தேன். என் கைவாகைப் பார்த்து, மாட்டுங்கா டாக்டர் சங்கரநாராயணன்தான் 1955இல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தார். மூக்குத்தண்டு அமுங்கிப்போனவர்களுக்கு உள்ளே வைத்து நிமிர்த்த விலாவிலிருந்து குருத்தெலும்பை வெட்டியெடுப்பார். அவர் நெஞ்சைத் தைத்து முடிப்பதற்குள் நான் அதைச் செதுக்கித் தருவேன். குருத்தெலும்பும் தோல் மாதிரிதான். மேல்படலத்தை ஒரு புறம் மட்டும் விட்டுவைத்தால் நாள்பட நாள்பட அந்தப் புறமாக இழுக்கும். இரண்டு புறமும் சமமாகச் சீவ வேண்டும். அது எனக்குக் கைவந்திருந்தது.

"பெரிய டாக்டர்கள் முன்னாடி ஒரு நாள் உன் பேரைச் சொல்றேன் பாரு," என்பார். நம்பினேன்.

போன தை மாதம் வெளியூர் டாக்டர்கள் பார்க்க வந்தார்கள். அன்றைக்கு ஆபரேஷன் தேவ்நாரில் இருக்கும் தங்கமயிலுக்கு. பத்தொன்பது வயது, எனக்குத் தூரத்துச் சொந்தம், நான்தான் அழைத்துவந்தேன். வைகாசியில் கல்யாணம். செதுக்குவது யார் என்று வந்தவர்களில் ஒருவர் கேட்டார்.

"நானேதான். இவன் வார்டுபாய், சாமான் கழுவுவான்," என்றார் டாக்டர். என் முகத்தைப் பார்க்கவில்லை.

கழுவிக் கொண்டுவா என்று குருத்தெலும்பை நீட்டினார். வழக்கம்போலப் பக்கத்து அறையில் செதுக்கினேன். ஒரு புறம் மட்டும் சீவவில்லை. செதுக்கியதை அரை மணி உப்புத்தண்ணீரில் போட்டு, வளைகிறதா என்று பார்ப்பது எங்கள் வழக்கம். அன்றைக்குப் போடவில்லை. "வளையலையே?" என்று காதோரம் கேட்டார். "இல்ல சார்," என்றேன். என் வார்த்தை அவருக்குப் போதும். பேருக்கு இரண்டு தரம் சுரண்டி, எல்லோருக்கும் காட்டிவிட்டு உள்ளே வைத்தார்.

சித்திரைக்குள் மூக்கு இடப்பக்கம் சாய்ந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் நிச்சயத்தை முறித்துக்கொண்டார்கள். "அண்ணாச்சி, நீங்க கூட இருக்கியன்னுதான படுத்தேன்," என்று தங்கமயில் அழுதாள். நல்ல பெண். அவள்மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. டாக்டரைப் போய்க் கேள் என்று சொல்லி அனுப்பினேன். அவள் வீட்டார் உங்களிடம் புகார் கொடுத்தார்கள்.

நேற்று டாக்டர் உங்களிடம், செதுக்கியது தான்தான், பூதத்தானுக்கு இதில் சம்பந்தமே இல்லை என்று எழுதிக்கொடுத்தாராம். என்னைக் காப்பாற்றத்தான் என்கிறார்கள். எனக்கா அவரைத் தெரியாது? இதையும் தன் பெயரில் போட்டுக்கொள்ளப் பார்க்கிறார்.

அதனால்தான் நானாகவே வந்தேன். அத்தனை சீராக வளைக்க அவர் கையால் ஆகாது ஐயா. அந்த மூக்கு முழுக்க என் வேலை. பூதத்தான், தகப்பனார் பெயர் இசக்கி என்று போடுங்கள்.