படையலுக்குக் கப்பையும் மீன்கறியும்

பூப்பாறையிலிருந்து போடிக்கு இறங்கும் பஸ்சில், எனக்கு முன்சீட்டுக்காரர் மடியில் ஓட்டல் பார்சல் ஒன்று இருந்தது.

"இன்னைக்கு என் சம்சாரத்துக்கு முப்பதாம் நாளு மாப்ளே. படையலுக்குக் கப்பைக்கிழங்கும் மீன்கறியும் வாங்கிட்டுப் போறேன்."

பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். "படையலுக்குப் போய் கடைச் சாப்பாடா மாமா?"

"ஏலக்காய் எடுக்க வர்றப்பயெல்லாம் அந்த ஓட்டல்ல ஒருநா சாப்புடணும்னு கேப்பா. கட்டுச்சோறு இருக்குல்ல, வாடின்னு இழுத்துட்டு வந்துருவேன்."

கொண்டை ஊசி வளைவில் பஸ் சாய்ந்தது. பார்சலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நல்லாருக்கான்னு ருசி பாத்தீகளா?"

"படையலுக்கு வாங்குனத நான் முந்தித் திங்கலாமா? இருந்தவரைக்கும் நான் சாப்புட்டு எந்திரிச்ச பெறகுதான் அவ தட்டெடுப்பா. இன்னைக்காச்சும் அவ மொதல்ல சாப்புடட்டும்."